காலிக் கேஜின் எடை

போன வாரம் ஸ்வாதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற லிஃப்ட் கம்பெனியில் இப்போது டெஸ்ட் டவரைப் பார்த்துக்கொள்கிற பெண். எங்கள் கோலார் பக்கத்து ராபர்ட்சன்பேட்டைப் பிள்ளை. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து பேசுவாள். எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்போல இருக்கும்.

"சார், உங்க மேக்ரோல ஃபர்ஸ்ட் ட்ரிப் சும்மா காலியா போய்ட்டு வருது. லாக்ல எப்பப் பாத்தாலும் ஜீரோ. டைம் வேஸ்ட் ஆகுது சார். அந்த லைனைத் தூக்கிடட்டுமா?"

கொஞ்சம் பொறும்மா, எழுதி அனுப்புகிறேன் என்றேன். நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். அது இவ்வளவு தூரம் வந்து நிற்கிறது.

மீசை முளைக்கிற வயதில் மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் ரூமில் சேர்ந்தேன். சுரங்கத்துக்குள் ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்குகிற இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். அந்தக் கேஜின் கயிற்றைச் சுற்றி இழுக்கிற பெரிய எந்திரம் இருக்கிற அறைதான் வைண்டிங் ரூம். அங்கே டிரைவர் சாமிக்கண்ணு. ஷிஃப்ட் தொடங்கும்போது கேஜ் முதலில் காலியாகத்தான் இறங்க வேண்டும், காலியாகத்தான் ஏற வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆள். மேனேஜரே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் சாமிக்கண்ணு அசையமாட்டார். "நேத்து கேஜ் நேத்தோட போச்சு துரை. இன்னிக்கு கேஜ் இன்னா சொல்லுதுன்னு கேட்டுக்கறேன், அப்பால நீங்க ஏறுங்க" என்பார். கேஜ் போய்வரும்வரை கையை லீவர்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருப்பார். தூங்குகிறார் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள்.

சுரங்கம் மூடியது. கொஞ்ச நாள் ராபர்ட்சன்பேட்டையில் மிக்ஸியும் ஃபேனும் ரிப்பேர் பார்த்தேன். பிறகு எல்லாரையும்போலக் காலை ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்கு. மோட்டார் டெஸ்ட் செய்கிற ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். எனக்கு அதை ஆன் செய்யக்கூடத் தெரியாது. ஆனால் அதில் 'ரெக்கார்ட்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்திவிட்டு நாம் எதைச் செய்தாலும் அது வரிவரியாக எழுதிக்கொள்ளும். பிறகு கேட்டால் அதே வேலையைத் தானே செய்யும். அதுதான் மேக்ரோ. அது எழுதியதைத் திறந்து பார்த்தேன். ஒரு எண்ணை மாற்றினேன், என்ன நடக்கிறதென்று பார்த்தேன். ஒரு வரியை அழித்தேன், எது நிற்கிறதென்று பார்த்தேன். என் படிப்பு அவ்வளவுதான்.

அப்புறம் அதிர்ஷ்டம் பாருங்கள், ஒரு லிஃப்ட் கம்பெனி எங்கள் ஊருக்கே வந்தது. மைசூர் மைன்ஸ் பக்கம் இடம் வாடகைக்கு எடுத்து, புது லிஃப்டுகளை ஓட்டிப் பார்க்க ஐந்து மாடி உயரத்துக்கு ஒரு டெஸ்ட் டவர் கட்டினார்கள். பெங்களூர்க்காரர்கள் அதற்குள் ஓடுவதை லிஃப்ட் என்றார்கள். நாங்கள் கேஜ் என்றோம். எங்கள் வாயை யாரால் மாற்ற முடியும்?

அங்கே எனக்கு மேலே வீணா மேடம். ஷிமோகா பக்கத்துக்காரர். குரல் உயர்த்தி ஒரு நாளும் கேட்டதில்லை. யாரிடமாவது முக்கியமாகப் பேச வேண்டுமென்றால் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, அவர்களைவிடத் தாழ்வாக உட்கார்ந்துகொள்வார். நாம் சொல்வதைக் கேட்டுவிட்டு, "ஆமேலே?" என்பார். கன்னடத்தில் 'அப்புறம்?' என்று அர்த்தம். நாமும் அப்புறத்தைச் சொல்வோம். மறுபடி "ஆமேலே?" அப்படியே போய் ஒரு இடத்தில் நமக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போகும். அந்த இடத்தில்தான் தப்பு உட்கார்ந்திருக்கும். எந்திரம் ஓடியதைப் பதிந்து வைக்கிற லாக் ஃபைலை அவர் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார். மேலேயிருந்து படித்தால் மனசு அடுத்த வரியைத் தானே ஊகித்துக்கொள்ளும், கீழேயிருந்து படித்தால் ஒவ்வொரு வரியையும் பார்த்தே ஆக வேண்டும் என்பது அவர் கணக்கு.

டவரோடு வந்த சாஃப்ட்வேர் தானே ஒரு லாக் எழுதும். ட்ரிப் முடிந்ததும் சராசரி எடை, சராசரி வேகம், பக்கத்தில் 'பாஸ்'. அதில் மேடத்துக்குத் திருப்தி இல்லை. "ஏழுமலை அவ்ரே, நமக்குன்னு ஒரு லாக் எழுதுங்க" என்றார் என்னிடம், கன்னட மரியாதையோடு. எழுதினேன். அதன் முறையைச் சொல்கிறேன், ஸ்வாதிக்கும் உதவும்.

கேஜ் தொங்குகிற கயிற்றின் முனையில் எடை காட்டுகிற ஒரு கருவி உண்டு. காலிக் கேஜின் எடையை மேக்ரோ கழித்துவிடும். ஆக உள்ளே யாரும் இல்லாவிட்டால் பூஜ்யம். ஒவ்வொரு மாடியைக் கடக்கும்போதும் ஒரு வரி: நேரம், ட்ரிப், மாடி, எடை, வேகம். ஒவ்வொரு வரிக்கும் ஃபைலைத் திற, எழுது, மூடு. மொத்தத்தையும் கையில் வைத்திருந்து கடைசியில் எழுதினால், நம் ஊர் கரண்ட் நடுவில் போகும்போது எல்லாம் போய்விடும். 'நார்மல்', 'ஓகே' என்ற வார்த்தைகளுக்கு அந்த ஃபைலில் இடம் கிடையாது, எண் மட்டும்தான். எடை சட்டென்று குதித்து அதே நொடியில் அடங்கினால் எழுதாதே என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். கோலாரில் பூமிக்கடியில் பழைய சுரங்கம் அவ்வப்போது ஒரு தட்டு தட்டும், வீட்டில் பாத்திரம் கிணுகிணுக்கும். அதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தால் லாக் குப்பையாகிவிடும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் ட்ரிப் காலி. அது சாமிக்கண்ணுவுக்காக. காலி ட்ரிப், பிறகு மணல் மூட்டை, கடைசியாக ஆள்.

ஏறுகிற ஆள் ஆனந்தன். மாரிகுப்பத்துப் பையன், புத்த மதத்துக் குடும்பம். அவன் அப்பா தரைக்கடியில் வேலை பார்த்தவர். கேஜுக்குள் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் எடுத்துப்போய்த் தரையில் வைத்து, பக்கத்தில் குந்திக்கொண்டு மேலே போவான். தண்ணீர் எங்கே நடுங்குகிறது என்று இறங்கி வந்து சொல்வான். எந்தக் கருவியும் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஒரு மழைக்காலத்தில் புது மாடல் கேஜ் ஒன்று டெஸ்டுக்கு வந்திருந்தது. காலி ட்ரிப் ஓடியது. ஒன்றாவது மாடி பூஜ்யம், இரண்டாவது பூஜ்யம். மூன்றாவதில் ஒரு சின்ன எடை, பூனை ஒன்று ஏறியதுபோல. நான்காவதில் மறுபடி பூஜ்யம்.

கருவியை மாற்றினோம். மறுநாள் காலியாக அனுப்பினால், மூன்றாவதில் ஏறி நான்காவதில் இறங்கிக்கொண்டது. கேஜ் வழுக்கிப் போகிற இரண்டு தண்டவாளங்களுக்கும் எண்ணெய் விட்டோம். ஒரு நாள் வரவில்லை. அடுத்த நாள் வந்தது, கூடுதல் எடையோடு. தண்டவாளம் மாட்டியபோது இடைவெளியை அளந்து மேடமே கையெழுத்துப் போட்டிருந்தார். அங்கே சந்தேகிக்க ஒன்றும் இல்லை.

நாள் போகப் போக, பூனையாக இருந்தது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் எடைக்கு வந்தது. மூன்றாவதில் ஏறிக்கொண்டிருந்தது இரண்டாவதைத் தாண்டும்போதே ஏறத் தொடங்கியது. பட்டப்பகல், வெயில் அடிக்கிறது, கேஜின் கம்பிக் கதவு வழியாக உள்ளே நன்றாகத் தெரிகிறது. உள்ளே ஒன்றும் இல்லை. திரையில் எண் எழுதிக்கொண்டே போகிறது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நல்லதாக இல்லை.

டவரை ஒட்டிய ஷெட்டில் பேச்சு மாறியது. முதலில் கேலி. "இன்னா, உங்க ஆளு இன்னிக்கு டூட்டிக்கு வந்துட்டாரா?" என்பார்கள். அப்புறம் கேலி போய், 'அவர்' என்று மட்டும் சொன்னார்கள். மணல் மூட்டை தூக்குகிறவர்கள் கேஜுக்குள் செருப்போடு நுழைவதை நிறுத்தினார்கள். ஒரு காலையில் கேஜ் மூலையில் ஒரு கட்டு பீடியும் தீப்பெட்டியும் இருந்தன. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. நான் எடுத்து வெளியே வைத்தபோது என் கையைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

இதில் கோபம் வந்தவன் ஆனந்தன் ஒருவன்தான். "பேய் பிசாசு நம்பற வீடு இல்லண்ணா எங்க வீடு. எங்கப்பா அத்தினி ஆழம் எறங்கினவரு. நான் அஞ்சு மாடி ஏறிக் காமிக்கிறேன், இவங்க வாயி மூடட்டும்" என்றான். அந்த டெஸ்ட் எனக்கு வேறு மாதிரி ஆனது அன்றிலிருந்துதான். அவன் ஏறியே தீருவான் என்று தெரிந்துவிட்டது. அந்த எண் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றோடு அவனை ஒரே கூண்டில் அனுப்பப்போகிறேன்.

பெங்களூரிலிருந்து சேல்ஸ் மேனேஜர் பிரகாஷ் வந்தார். சுறுசுறுப்பான மனிதர், எல்லாரையும் சார் போட்டுக் கூப்பிடுவார். கஸ்டமர் வருகிற நாள் குறித்தாகிவிட்டது. லாக்கைப் பார்த்துவிட்டு, காலி ட்ரிப்பில் வருகிற எடையை மற்ற ட்ரிப்புகளிலிருந்து கழித்துவிடுங்கள் சார், மேக்ரோவில் ஒரு வரிதானே என்றார். உண்மைதான், ஒரே வரி. அந்த வரியை எழுதினால் 'அவர்' லாக்கிலிருந்து போய்விடுவார். மேடம் ஸ்டூலை இழுத்துப்போட்டு பிரகாஷுக்கு எதிரில் உட்கார்ந்தார். "கழிச்சிட்டோம். ஆமேலே?" பிரகாஷ் சிரித்தார், பேனாவை மூடினார், பிறகு பார்க்கலாம் என்று எழுந்துகொண்டார். அந்த வரி எழுதப்படவில்லை.

அந்த நாள் வந்தது. மணல் மூட்டை டெஸ்ட் முந்தின நாளே முடிந்திருந்தது. கஸ்டமர் மதியம் வருகிறார், அதற்குமுன் ஆனந்தன் ஒருமுறை ஏறி இறங்கிவிட வேண்டும். ஆள் ஏறுகிற டெஸ்ட் என்றால் மேக்ரோ முதலில் பெயரும் எடையும் கேட்கும். மூட்டை நிறுக்கிற தராசில் ஆனந்தன் ஏறி நின்றான். அறுபத்தொன்று. கம்ப்யூட்டரில் தட்டினேன். வழக்கம்போல முதல் ட்ரிப் காலியாகக் கிளம்பியது.

ஒன்றாவது மாடி, பூஜ்யம். இரண்டாவதில் எடை தொடங்கியது. மூன்றாவதில் அறுபத்தொன்று.

பிரகாஷ் கையைத் தட்டிச் சிரித்தார். "ஏழுமலை சார், உங்க மேக்ரோ ஆனந்தனை இப்பவே ஏத்திடுச்சு! ஆள் எடையைத் தூக்கி வேற கட்டத்துல போடுது. இவ்ளோ நாளா பக் சார் இது, வெறும் பக்!"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இருக்கும், அப்படித்தான் இருக்கும். கட்டம் மாறி எழுதுவது எல்லா மேக்ரோவிலும் நடக்கிற பிசகு. ஷெட்டில் இருந்தவர்களும் மூச்சு விட்டார்கள். ஒருவர் ஆனந்தனைப் பார்த்து, "அப்ப இவ்ளோ நாளும் நீதான் அவராடா?" என்றார். ஆனந்தன் டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கேஜுக்குப் போனான். நான் மேக்ரோவைத் திறந்து எந்த வரியில் கட்டம் மாறுகிறது என்று தேட ஆரம்பித்தேன்.

மேடம் மட்டும் திரையின் அடியிலிருந்து மேலே படித்துக்கொண்டிருந்தார். "ஏழுமலை அவ்ரே, அஞ்சாவது மாடிக்குப் போச்சு. ஆமேலே?"

இறங்கிவிட்டது மேடம் என்றேன்.

"இறங்கினது எங்கே?"

லாக்கில் இறங்கினது இல்லை. நான் எழுதவே இல்லை. சுரங்கத்தில் வளர்ந்த புத்தி அப்படி. கல்லும் தங்கமும் மேலே வரும், கீழே போவது வெறும் கேஜ். எடை என்றால் எனக்கு ஏற்றம்தான். அந்த மேக்ரோவை எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். ஒரு முறைகூட இறக்கத்தை எழுத வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

மேடம் ஆனந்தனிடம் ஒரு நிமிஷம் என்று கை காட்டினார். ஏற்றத்துக்கான வரிகளை அப்படியே நகல் எடுத்து, இறக்கத்துக்கு மாற்றினேன். ஆனந்தன் ஒரு காலைக் கேஜுக்குள் வைத்தபடி நின்றான். "சீக்கிரம்ண்ணா, தண்ணி ஆறிப்பூடும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மேடம் சொன்ன பிறகு மனசில்லாமல் காலை வெளியே எடுத்தான். கேஜ் மறுபடி காலியாகப் போனது.

ஏற்றத்தில், மூன்றாவது மாடியில், அதே எடை. ஐந்துக்குப் போய்த் திரும்பியது. நான்கு, பூஜ்யம். மூன்றில் எண் விழுந்தது. அதற்கு முன்னால் ஒரு மைனஸ் குறி.

காலிக் கேஜைவிடக் குறைந்த எடை. ஒரு ஆள் அளவுக்குக் குறைவு.

கூண்டு ஏறும்போது யாரோ அதில் தொங்குகிறார்கள். இறங்கும்போது அதே இடத்தில் யாரோ கீழேயிருந்து தாங்குகிறார்கள். கட்டம் மாறி எழுதினால் மைனஸ் எப்படி வரும்? உள்ளே ஆள் இருந்தால்தான் எப்படி வரும்? நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டிருந்தார். அவர் அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை.

"ஆனந்த், தள்ளி வாங்க."

"இன்னா மேடம்," என்றான் அவன், முகம் சுண்டிப்போய். "நீங்களும் அவங்கமாதிரியே பேசறீங்க. உள்ள யாரோ கீறாங்கன்னு நம்பறீங்களா?"

"ஆள் இருந்தா உங்களை விட்டிருப்பேன் ஆனந்த்," என்றார் மேடம். "இது ஆள் இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் கேஜை எதுவோ பிடிக்குது."

பிரகாஷ் மணி பார்த்தார். மேடம் என்னிடம், இன்னொரு முறை காலியாக என்றார்.

மூன்றாவது தடவை கேஜ் ஏறும்போது ஒரு முனகல் கேட்டது. பழைய கதவு திறக்கிற சத்தம்போல, நீளமாக. ஐந்தைத் தொட்டுத் திரும்பியது. மூன்றுக்கு மேலே வந்ததும் நின்றுவிட்டது. கயிறு மட்டும் இறங்கிக்கொண்டே வந்து கேஜின் கூரைமேல் சுருள் சுருளாக விழுந்தது. திரையில் ஒரு வரி எழுதப்பட்டது: கயிற்றில் ஒன்றுமே இல்லை. கேஜே இல்லை என்றது லாக். நிமிர்ந்து பார்த்தால் கேஜ் அங்கேயே, எதிலும் தொங்காமல் நிற்கிறது. நான் பொத்தானை அடித்து எந்திரத்தை நிறுத்தினேன்.

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது கேட்டது. பிறகு கேஜ் விடுபட்டு, தளர்ந்த கயிற்றின் நீளம் முழுவதும் விழுந்தது. இரண்டாவது மாடியில் பாதுகாப்புப் பிடி தண்டவாளத்தைக் கடித்து நிறுத்தியது. நிறுத்திய வேகத்தில் கேஜின் தரை ஒரு பக்கம் சரிந்து, கம்பிக் கதவு பிய்ந்து, ஆனந்தன் நின்றிருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி வந்து விழுந்தது. டம்ளர் அவன் கையிலேயே இருந்தது. தண்ணீர் முழுக்க அவன் சட்டையில்.

மறுநாள் தண்டவாளத்தை மறுபடி அளந்தோம். மூன்றாவது மாடி உயரத்தில் டவரின் சுவர் உள்ளே பிதுங்கி, இடைவெளி ஒரு பென்சில் கனத்துக்குக் குறுகியிருந்தது. சமீபத்தில் இங்கே பூமி ஏதாவது அசைந்ததா என்று மேடம் கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அசைந்தது. பூனை எடை வந்ததற்கு முந்தின நாள், டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பெரிதாகவே ஒரு தட்டு. மேடம் அன்று பெங்களூரில் இருந்தார். யாரும் கிளாஸைக்கூடக் கீழே வைக்கவில்லை. காக்கா கத்தியதை ஆபீஸில் போய்ச் சொல்வோமா? அதுபோலத்தான் எங்களுக்கு அது. என் மேக்ரோவும் எங்கள் ஊர்க்காரன் எழுதியதுதானே, அதுவும் எழுதாமல் விட்டிருந்தது. அடியில் பழைய சுரங்கம், அதில் மழைத்தண்ணீர். அன்று தொடங்கிய சரிவு நாளுக்கு நாள் சுவரைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. "எங்க ஊர்ல இப்படி ஆனா தெருவே வெளிய வந்து நிக்கும்" என்றார் மேடம். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

டவரைப் பிரித்து மாலூர் பக்கம் கொண்டுபோனார்கள். மேக்ரோவில் இறக்கத்துக்கும் வரி வந்தது. குதிப்பை எழுதாதே என்ற வரியை நானே எடுத்தேன்.

அறுபத்தொன்றுதான் மிச்சம். அந்த மேக்ரோவை வரிவரியாக, கடைசியிலிருந்து மேலாகப் படித்துப் பார்த்துவிட்டேன். ஆளின் எடை ஒரு இடத்திலும் மற்ற கட்டத்துக்குப் போகவில்லை. உராய்வு வளர்ந்து வளர்ந்து வந்து, அந்தக் காலையில் அந்த எண்ணில் நின்றிருக்கிறது. எந்த எண்ணிலும் நின்றிருக்கலாம். "கோஇன்சிடென்ஸ்" என்றார் மேடம். நான் சரி என்றேன். "ஆமேலே?" என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கேஜ் விழுந்த அன்று மாலை ஆனந்தனோடு மாரிகுப்பம் வரை நடந்து போனேன். வீடு திரும்புகிற முனையில் நின்று, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான்.

"நான் ஏறறதுக்கு முன்னாடி என்னிய ஒரு வாட்டி ஏத்தி அனுப்பிப் பாத்துக்கிச்சிண்ணா" என்றான். பேய் பிசாசு நம்பாத வீட்டுப் பிள்ளை. அவன் இன்றும் அந்த டவரில்தான் வேலை செய்கிறான், இன்றும் டம்ளரோடுதான் ஏறுகிறான். ஸ்வாதி அனுப்புகிற கேஜில் ஏறுகிற ஆள் அவன்தான்.

அதனால் ஸ்வாதி, அந்த லைனைத் தொடாதே. எப்போதும் ஜீரோதான் வருகிறது என்று குறைபட்டுக்கொண்டாய். நேற்று நீ அனுப்பிய லாக்கைக் கீழேயிருந்து மேலே படித்தேன். இறக்கத்தில் ஐந்து பூஜ்யம், ஏற்றத்தில் ஐந்து பூஜ்யம். அதற்குக் கீழே, மணல் மூட்டைக்கும் அடுத்த ட்ரிப்பில், ஆனந்தன். இப்போது அறுபத்து நாலு இருக்கிறான். கொஞ்சம் சதை போட்டிருக்கிறான், சந்தோஷம்.